தொண்ணூறடி ரோட்டின் முதல் கை

ஸ்பூனைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்பிப் பார்ப்பார் பிச்சையா. ஒரு கால் நயினார் பாத்திரக் கடையின் படியில் இருக்கும், மற்றொரு கால் தெருவில் இருக்கும். கடைக்குள் முழுசாக ஏறமாட்டார். விலை கேட்கமாட்டார்; சொன்ன விலையைக் குறைக்கவும் மாட்டார். சட்டைப் பையிலிருந்து பணத்தை வலது கையால் எடுத்து நயினாரின் உள்ளங்கையில் வைப்பார். நயினார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பித்தளை நிறுக்கிற தராசில் ஒரு தொடு தொட்டு, கல்லாவுக்குள் போடுவார். அதுவரைக்கும் இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டார்கள். பணம் உள்ளே விழுந்த பிறகுதான் நயினாருக்கு வாய் திறக்கும்.

"என்னவே, ராத்திரி டூட்டியில தூங்குனீரா, முழிச்சிருந்தீரா?"

"முழிச்சிக்கிட்டே தூங்குனேன் அண்ணாச்சி."

கடைக்குப் போணி ஆயிற்று. ஸ்பூனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பிச்சையா அடுத்த கடைக்கு நடப்பார்.

நாளின் முதல் வியாபாரத்துக்குத்தான் போணி என்று பெயர். தாராவியின் தொண்ணூறடி ரோட்டில் கடை வைத்திருப்பவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், போணிக்குப் பயப்படுவான். முதலில் வருகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது. பேரம் முறியக் கூடாது. அந்தச் சாமான் கடைக்குத் திரும்பி வரக் கூடாது. இது தெரிந்த கெட்டிக்காரர்கள் சிலர் காலையிலேயே வந்து, "போனி கா டைம் ஹை, பையா" என்று இந்தியில் போணி நேரத்தைச் சொல்லி, கடைக்காரனுக்கே அவன் பயத்தை ஞாபகப்படுத்தி, பாதி விலைக்குச் சாமான் வாங்கிப் போவார்கள். கடைக்காரன் மனதுக்குள் திட்டிக்கொண்டே பொட்டலம் கட்டுவான். பிச்சையா அந்த ரகம் இல்லை. அதனால்தான் அவருக்காகத் தெருவே காத்திருந்தது.

மெலிந்த ஆள். வயது அறுபத்தைந்து பக்கம். கீழே வாட்ச்மேன் காக்கி, மேலே சொந்தச் சட்டை. கழுத்தில் விசில் அப்படியே தொங்கும், கழற்ற மறந்திருப்பார். மாஹிமில் ஒரு கட்டடத்துக்கு ராத்திரிக் காவல். விடிந்ததும் பொறுப்பை மாற்றிக் கொடுத்துவிட்டு, ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கித் தாராவிக்குள் நுழைந்தால், தொண்ணூறடி ரோட்டுக்கு அவர் வந்து சேரும் நேரமும் ஷட்டர்கள் ஏறும் நேரமும் ஒன்றாக இருக்கும். அவருடைய கைராசி ஆரம்பித்தது இவ்வளவு சாதாரணமாகத்தான். கடை திறக்கும்போது எதிரில் நடந்து வருகிற முதல் ஆள் அவர். முன்னொரு காலத்தில் வியாபாரம் படுத்துக் கிடந்த ஒரு மாதத்தில், தண்ணீர் குடிக்க ஒரு டம்ளர் வேண்டுமென்று நயினார் கடையில் வாங்கினாராம். அன்று மத்தியானமே சமையல் காண்டிராக்ட் எடுக்கும் ஒருவர் டெம்போவோடு வந்து, அண்டாவும் கரண்டியுமாக அள்ளிப் போனாராம். "சாயங்காலம் கடையில அலமாரிதான் இருந்துச்சு, சாமான் இல்ல" என்று நயினார் இன்றும் சொல்வார். சொல்லச் சொல்ல அந்த டெம்போ ஒன்று இரண்டாகி, இப்போது மூன்றில் நிற்கிறது.

புகழ்ந்தால் பிச்சையாவுக்குப் பிடிக்காது. "கையில என்னய்யா இருக்கு? கடைய தொறந்து வச்சிட்டு உக்காந்திருக்கான் பாரு, அவனுக்கு ஓடுது." அப்படிச் சொல்வாரே தவிர, ஒரு நாளும் போகாமல் இருக்கமாட்டார். காய்ச்சலோடு போனதுண்டு. முழங்கால் தண்ணீரில் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு போனதுண்டு. புதிதாக வந்த ஒரு டி.வி. கடைக்காரர், தினமும் தன் கடைக்கு முதலில் வந்தால் டீ, டிபன் தன் செலவு என்று ஆசை காட்டினார். அன்றிலிருந்து பிச்சையா அந்தக் கடை இருந்த பக்கமே திரும்பவில்லை. "சம்பளத்துக்குப் போணி பண்ணுனா அதுவும் டூட்டி ஆயிரும்லா?"

அவர் மனைவி பேராச்சிக்கு இதில் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவள் தலையில்தான் அத்தனை சாமானும் விழுந்தது. சேஃப்டி பின் அட்டைகள், சீப்பு, சூடம், ரிப்பன், சாவி மாட்டும் தோல்பட்டை, டஜன் கணக்கில் ஸ்பூன். "ரெண்டு வாயி இருக்க வூட்டுக்கு எத்தன ஸ்பூனுவே வேணும்?" என்று கேட்டுக்கொண்டே சந்துக்குள் பங்கு வைத்துவிடுவாள். அந்தச் சந்தில் காசு கொடுத்துச் சேஃப்டி பின் வாங்கிய பெண் யாரும் இல்லை.

தொண்ணூறடி என்பது காகிதத்தில் இருக்கிற அகலம். கடைப்படிகள் தின்றது, தார்ப்பாய்ப் பந்தல்கள் தின்றது, நிறுத்திய ஸ்கூட்டர்கள் தின்றது போக மிச்சத்தில்தான் பஸ் ஊர்ந்து வருகிறது. சதுப்பாகக் கிடந்த இடத்தைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கியவர்கள் இங்கே வந்து குடியேறியவர்களே. பிச்சையா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கியபோது, தோல் பதனிடும் பட்டறைகளின் நாற்றத்தைப் பிடித்துக்கொண்டே வழி கண்டுபிடிக்கலாமாம். பட்டறைகள் ஊருக்கு வெளியே போய்விட்டன. இப்போது சயான் பக்கம் அதே தோல், கண்ணாடிக் கடைகளுக்குள் விளக்கு வெளிச்சத்தில் பையாகவும் ஜாக்கெட்டாகவும் தொங்குகிறது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து முகர்ந்து பார்த்து வாங்குகிறார்கள். உள்ளே வர வர நம்மூர் கடைத்தெரு ஆகிவிடும். தமிழில் போர்டு வைத்த நகைக்கடைகள், வாழையிலைக் கட்டு, கருப்பட்டி, கருவாடு, முழம் போடும் மல்லிகைக்காரிகள், அசல் திருநெல்வேலி அல்வா என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்யும் மூன்று கடைகள். பொங்கலன்று இந்த ரோட்டிலேயே வரிசையாக அடுப்புக் கூட்டிப் பெண்கள் பானை வைப்பார்கள். பானை பக்கத்துக் குயவர் தெருவிலிருந்து வரும். சமீபத்தில் கடைக்குக் கடை சர்வே நம்பர் எழுதிப் போயிருக்கிறார்கள். எல்லாவற்றையும் இடித்துவிட்டு அடுக்குமாடி வருமாம். எப்போது என்று யாருக்கும் தெரியாது. நம்பர் எழுதிய சுவரில் சாம்பிராணி காட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கிறார்கள்.

நயினார் கடைக்கு நேர் எதிரில் இனாயத்துல்லாவின் பைக்கடை. பிச்சையா ஊரிலிருந்து வந்த புதிதில், பட்டறையில் சுண்ணாம்புத் தொட்டிக்கு அந்தப்பக்கம் நின்று தோல் அலசியவர் இந்த இனாயத்துல்லா. பட்டறை போனதும் ஒருவர் காக்கி மாட்டினார், மற்றவர் கடை போட்டார். கூரை முழுக்கப் பள்ளிக்கூடப் பைகள் தொங்கும். கொக்கி வைத்த கம்பால் ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டுவார். போணி முடிகிற வரை பேசக் கூடாது என்ற வழக்கத்தைக் கடைப்பிடிக்க முடியாத ஒரே ஆள் அவர்தான். பிச்சையாவைத் தூரத்தில் கண்டதுமே சிரிப்பு வந்துவிடும். "வாரும்வே மகராசா! ஒம்ம மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்கு விடியுது." பிச்சையா பதிலுக்கு முறைப்பார். பெரும்பாலும் சாவிப்பட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுப்பார்.

போன வருடம் மழை விட்ட சமயம், ஒரு நாள் காலையில் பிச்சையா சாவிப்பட்டையை விட்டுவிட்டு ஒரு சின்ன மணிபர்ஸை எடுத்தார். அன்று சாயங்காலம் செம்பூரில் ஒரு நிச்சயதார்த்தம். பேராச்சி போக வேண்டும். அவளுடைய பர்ஸ் கிழிந்துவிட்டது. கட்டின பெண்டாட்டிக்கென்று யோசித்து அவர் வாங்கியது அநேகமாக அதுதான் முதல் தடவை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பேராச்சி முகம் மலர்ந்து திறந்து பார்த்தாள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது.

"இங்கேரும், இத மாத்திக் கொண்டாரும். சபையில வச்சு வாயப் பொளந்துக்கிட்டு நின்னா யாருக்கு அசிங்கம்?"

போணிச் சாமான் கடைக்குத் திரும்பக் கூடாது என்பது தெருவில் மற்றவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் பேராச்சி சிரிப்பாள். ராத்திரி முழுக்க விழித்த கண்ணுக்குத் தூக்கம் வேறு தள்ளியது. போய் நின்றார். இனாயத்துல்லா பர்ஸைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கடை அதிரச் சிரித்தார்.

"முப்பது வருசமாப் போணி பண்ணுன மனுசன், இன்னைக்குத் திருப்பிக் கொண்டாந்துட்டீரே! சரி, கொண்டாரும். நமக்குள்ள என்னவே?"

வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். பேராச்சி அதைக் கையில் பிடித்துக்கொண்டு செம்பூருக்குப் போனாள். பிச்சையா படுத்துத் தூங்கினார். சாயங்காலம், ஒரு பிள்ளைக்குப் பை இறக்கிக் கொடுக்கக் கம்பைத் தூக்கிய இனாயத்துல்லா, கம்போடு சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன்பே உயிர் போய்விட்டது. டூட்டிக்குக் கிளம்பி வந்த பிச்சையா, தெருவில் பாட்டுச் சத்தமே இல்லாததைக் கவனித்து, என்னவென்று விசாரித்துத்தான் தெரிந்துகொண்டார்.

மறுநாள் இனாயத்துல்லாவின் உடலைத் தூக்கிப் போனபோது அவரும் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தார். தோளைத்தான் கொடுத்தார், கையால் பிடிக்கவில்லை. வலது கையை மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டு நடந்தார். கூட்டத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு தொண்ணூறடி ரோடு அவரைக் காலையில் பார்க்கவில்லை. மாஹிமிலிருந்து வந்து, சாக்கடையை ஒட்டிய சந்துகளில் புகுந்து, பின்பக்கமாகவே வீட்டுக்குப் போய்விடுவார். சந்து முனையில் பால் வாங்கப் போனாலும், "போணி ஆயிட்டா?" என்று முதலில் கேட்பார். ஆகவில்லை என்றால், வேறு யாராவது வந்து வாங்கும் வரை தள்ளி நிற்பார். முதல் கை தன் கையாக இருந்துவிடக் கூடாது என்ற கவலை. பார்த்தவர்கள் மனுசனுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தார்கள். நயினார் சில நாள் படியில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்தார். கால் வலி அண்ணாச்சி என்றார் பிச்சையா. ராத்திரி முழுக்க நின்று காவல் பார்க்கிற கால், காலையில் மட்டும் எப்படி வலிக்கும் என்று நயினார் கேட்கவில்லை.

பேராச்சியிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவளிடம்தான் திறக்கவே முடியாது. நடந்ததைச் சொன்னால், மாற்றிக்கொண்டு வரச் சொன்னது அவள் என்பதும் கூடவே வந்துவிடும். பழியைத் தன்னோடு வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தார். அந்த நினைப்பு அவரைத் தின்றது. தட்டில் சோறு மிஞ்சியது. ஏன் மிஞ்சுகிறது என்று அவள் கேட்கும்போதெல்லாம் உப்புக் கூடிவிட்டது என்றார்.

இனாயத்துல்லாவின் மகன் சைஃப் அதுவரை பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும், கடையை மொபைல் கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்டுவிடு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை, தானே திறக்கப்போவதாகச் சொன்னான். திறப்பதற்கு முதல் நாள் நயினார் மறுபடியும் பிச்சையாவின் வீட்டுக்கு வந்தார்.

"பாய் மவன் நாளைக்குக் கடை தொறக்கான். காலையில வந்துரும்."

"டூட்டி மாத்த லேட்டாவும் அண்ணாச்சி."

மறுநாளும் சாக்கடைச் சந்து வழியாகவே வீடு வந்து சேர்ந்து, போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு படுத்தார். தூக்கம் வரவில்லை. காய் வாங்கப் போயிருந்த பேராச்சி திரும்பி வந்து கூடையை வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"எந்திரியும். அந்தப் புள்ள கடைய பாதி ஷட்டர்ல வச்சிக்கிட்டு வாசல்ல நிக்கான். வந்த சனத்தையெல்லாம் அனுப்பிக்கிட்டு இருக்கான், போணி ஆவலன்னு. யாருக்கு நிக்கான்னு தெருவுக்கே தெரியுது. ஒமக்குத் தெரியலியோ?"

"நீயே போயி ஏதாவது வாங்கு."

"ஏன், ஒம்ம கையில என்ன சீக்கு?"

அப்போதுதான் சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பர்ஸ், ஜிப், போணிச் சாமான் திரும்பிப் போனது, பாய் சிரித்தது, எல்லாம். சொல்லி முடித்த பிறகும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேராச்சி கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாத்திட்டு வரச் சொன்னது நான்."

"ஒன்னய சொல்லல பேராச்சி."

"பின்ன யாரச் சொல்லுதீரு? பாய நாந்தான் கொன்னேன்னு மனசுல வச்சிக்கிட்டு, இம்புட்டு நாளும் எங் கையால வாங்கித் தின்னுருக்கீரு. அதான் சோறு எறங்கல." முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். "அந்த மனுசன் ரெண்டு வருசமா நெஞ்சுக்கு மாத்திர தின்னாரு. அவரு பெண்டாட்டி மதீனா எங்கிட்ட சொல்லி அழுதிருக்கா. ஒமக்குத் தெரியக் கூடாதுன்னுட்டாராம், நீரு பயந்துருவீருன்னு. ஒம்ம கையி ஆக்கவும் செய்யும் அழிக்கவும் செய்யும்னா, நம்ம ஏன்வே இன்னும் இந்தத் தகரத்துக்குக் கீழ கெடக்கோம்?"

கூட நின்று தோல் அலசியவனுக்கு நெஞ்சு வலி இருந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுதான் பிச்சையாவுக்கு முதலில் உறைத்தது. தினமும் அந்த முகத்தைப் பார்த்தார், பணத்தைக் கொடுத்தார், முறைத்தார், போய்விட்டார். எழுந்து சட்டையைப் போட்டார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததைப் பேராச்சி அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். இருவரும் சேர்ந்துதான் போனார்கள். தெரு முனையில் அவள் நின்றுகொண்டாள்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. தொண்ணூறடி ரோடு முழுவேகத்தில் இருந்தது. எல்லாக் கடையிலும் வியாபாரம் நடக்க, ஒரு கடை மட்டும் இடுப்பளவு திறந்திருந்தது. ஒரு பெண், பள்ளிக்கூடப் பை கேட்டுக் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, தோடா பாத் மே ஆவோ. போனி நஹி ஹுவா" என்று, அப்புறம் வரச் சொன்னான் சைஃப்.

"அரே, தோ மேரே ஸே ஹி கர் லே நா!" தன்னிடமே போணி செய்துகொள்ளேன் என்று அவள் சிரித்தாள். அவன் தலையை ஆட்டினான். அவள் முணுமுணுத்துக்கொண்டு போனாள். எதிரே பாத்திரக் கடையில் நயினார் எதையோ துடைப்பதுபோல் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிச்சையா ரோட்டைக் கடந்து வந்தார். சைஃபுக்கு அப்பன் முகம். சிரிப்பு மட்டும் இல்லை. பிச்சையா படியில் கால் வைக்காமல் தெருவில் நின்றபடியே சொன்னார்.

"தம்பி, ஒங்க வாப்பா மவுத்தான அன்னைக்கு நான் போணிச் சாமான திருப்பிக் கொண்டாந்து மாத்துனேன். அது தப்பு. இந்தக் கையி வேண்டாம் ஒனக்கு. வேற யாரையாவது பாத்துக்க."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போனது.

"மாமா, போணி கீணி எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் அத பிலீவ் பண்றதும் இல்ல. ஆனா டெய்லி காலையில வாப்பா ஒங்களுக்காக நிப்பாங்க. நீங்க வராம நான் வேற எவன்கிட்டயாவது பைசா வாங்குனா, இது வாப்பா கடை இல்ல மாமா. வேற எவனோ கடை." கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான். "நீங்க வரலன்னா நாளைக்கும் நிப்பேன்."

சொல்லிவிட்டு வாசலை விட்டு ஒதுங்கி நின்றான். பிச்சையா தெருவைப் பார்த்தார். முனையில் பேராச்சி நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் படியில் ஏறினார். பணம் எடுக்கச் சட்டைப் பைக்குள் இன்னும் கையை விடவில்லை. குனிந்து, ஷட்டரின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து, ஒரே மூச்சில் மேலே தூக்கினார்.